ஆட்டோமேட்டிக் எஸ்யூவியின் கியர் கணினி: பழுதறிதலும் மாற்றுதலும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள எஸ்யூவி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கியரில் மாட்டிக்கொள்கிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது, மறுநாள் அதே தொல்லை திரும்பி வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் ஸ்கேனரைப் பார்த்துவிட்டு "டிசிஎம் போயிடுச்சு சார்" என்கிறார். இரண்டும் பெருஞ்செலவு வைக்கும் வேலைகள். இரண்டுமே தவறாகவும் இருக்கலாம்.

டிசிஎம் என்பது டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், அதாவது எந்த நேரத்தில் எந்தக் கியர் விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் கணினி. சில நிறுவனங்கள் இதை டிசியு என்கின்றன. இது பழுதாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழுதானது இதுதான் என்று எப்போது உறுதியாகச் சொல்லலாம், மாற்றும்போது கூடவே என்னென்ன செய்ய வேண்டும், அதற்கு வேண்டிய மென்பொருளும் தகவலும் யார் கையில் இருக்கின்றன என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் உரிமையாளர் பணம் கட்டக் கூடாது. மின்சாரம், எர்த், வயரிங், சென்சார் ஆகிய நான்கும் சரி என்று அளந்து காட்டிய பிறகே டிசிஎம்மைக் குற்றம் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அதற்கான காரணங்களைக் கீழே வரிசையாகப் பார்ப்போம்.

கியர் கணினி செய்யும் வேலை

ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக் முதல் பல பத்தாண்டுகள் வரை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முழுக்க ஆயில் அழுத்தத்தை நம்பியே இயங்கியது. வேகம் கூடக் கூட ஒருபுறம் அழுத்தம் ஏறும், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க மறுபுறம் ஏறும், இரண்டில் எது வெல்கிறதோ அதற்கேற்ப வால்வு நகர்ந்து கியர் மாறும். 1969இல் வந்த ரெனோ 16 டிஏ போன்ற கார்கள் இந்த முடிவை மின்னணுவின் கையில் கொடுத்தன. 1986இல் பாஷ் நிறுவனம் கேன் என்ற தகவல் தொடர்பு முறையை வெளியிட்டது. அதன் பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் ஆகியவற்றின் கணினிகள் இரண்டே இரண்டு வயர்கள் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் காலம் வந்தது.

இன்றைய டிசிஎம்முக்கு வரும் செய்திகள் பல. கியர்பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் வேகத்தையும் வெளியேறும் தண்டின் வேகத்தையும் தனித்தனிச் சென்சார்கள் சொல்கின்றன. ஆயிலின் வெப்பம், கியர் லீவர் நிற்கும் இடம், பிரேக் மிதிக்கப்பட்டதா என்பது, ஆக்சிலரேட்டரின் அளவு ஆகியவையும் வந்து சேர்கின்றன. இவற்றைக் கணக்கிட்டு, கியர்பாக்ஸில் உள்ள சொலினாய்டு வால்வுகளுக்கு அது மின்சாரம் அனுப்புகிறது. சொலினாய்டு திறந்தால் ஆயில் பாய்ந்து கிளட்சை அழுத்தும், கியர் விழும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

டிசிஎம் செயலற்றால் என்ன ஆகும் என்பதிலேயே பழுதறிதலின் முதல் தடயம் கிடைக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வகைக் கியர்பாக்ஸில் மின்சாரம் நின்றதும் வால்வுகள் ஸ்பிரிங்கின் விசையால் தம் ஓய்வுநிலைக்குத் திரும்பும். அந்நிலையில் ஒரு முன்கியரும் ரிவர்ஸும் மட்டும் கிடைக்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது மூன்றாம் கியர், சில வண்டிகளில் வேறு கியர். மெக்கானிக்குகள் 'லிம்ப் மோடு' என்பது இதைத்தான். வண்டி லிம்ப் மோடில் ஒழுங்காக நகர்ந்து, ரிவர்ஸும் அழுத்தமாக விழுந்தால், பம்பும் அந்த இரண்டு கியர்களுக்குரிய கிளட்சுகளும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் மின்சாரப் பக்கத்தைப் பார்ப்பதே முறை. சில உலர் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்களில் நிலைமை வேறு. மின்சாரம் இல்லாவிட்டால் கிளட்சுகள் விலகியே நிற்கும் என்பதால் வண்டி நகரவே நகராது.

டிசிஎம் எங்கே இருக்கிறது

மூன்று ஏற்பாடுகள் உண்டு. முதலாவதில் டிசிஎம் தனிப் பெட்டியாக, கியர்பாக்ஸுக்கு வெளியே கிளவ் பாக்ஸின் பின்னாலோ, பேட்டரித் தட்டின் அருகிலோ, எஞ்சின் அறையின் ஓரத்திலோ இருக்கும். கழற்றுவது எளிது. இரண்டாவதில் அது கியர்பாக்ஸின் வெளிச்சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும், அதனால் வெப்பமும் அதிர்வும் நேரடியாகத் தாக்கும். மூன்றாவதில் கியர்பாக்ஸுக்குள்ளேயே வால்வு பாடியோடு சேர்ந்து, பல வண்டிகளில் ஆயிலில் நனைந்தபடியே, 'மெக்கட்ரானிக்' என்ற ஒற்றைத் தொகுதியாக இருக்கும். பல சொகுசு எஸ்யூவிகளில் உள்ள இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர், எட்டு கியர் பெட்டிகள் இவ்வகை. ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய எஸ்யூவிகளில் வந்த 6எல்80 பெட்டியும் இவ்வகைதான். வேறு சில வண்டிகளில் தனி டிசிஎம் கிடையாது. எஞ்சின் கணினியே கியர்பாக்ஸையும் ஆள்கிறது.

இந்த இடவேறுபாடு செலவையும் ஆபத்தையும் மாற்றுகிறது. வெளியே இருக்கும் பெட்டியை மாற்றிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. உள்ளே இருப்பதை எடுக்க ஆயிலை வடித்து, பானைக் கழற்றி, தூசு படாமல் பிரிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஆயிலை அதற்குரிய வெப்பநிலையில் அளந்து நிரப்பவும் வேண்டும்.

எதனால் பழுதாகிறது

டிசிஎம்மைக் கெடுப்பவை பெரும்பாலும் வெப்பம், அதிர்வு, ஆயில், தண்ணீர், தாறுமாறான மின்னழுத்தம் ஆகிய ஐந்தே.

கியர்பாக்ஸ் ஆயில் சாதாரண ஓட்டத்திலேயே 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். வண்டி நின்றதும் ஆறும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் சர்க்யூட் போர்டும், அதன்மேல் உள்ள பாகங்களும், இடையில் உள்ள ஈயப்பற்றும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். சூடானால் தொடர்பு அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் பழுது இப்படித்தான் பிறக்கிறது. காலையில் நன்றாக ஓடி, மதிய வெயில் நெரிசலில் மட்டும் மாட்டிக்கொள்ளும் வண்டிகளில் முதலில் நினைவுக்கு வர வேண்டிய காரணம் இது.

ஆயில் தாக்கும் விதம் பலர் எதிர்பாராதது. மெர்சிடிஸின் 722.6 என்ற ஐந்து கியர் பெட்டி அந்நிறுவனத்தின் எம்எல் வகை எஸ்யூவியிலும் வந்தது. அதன் பக்கவாட்டில் 13 முனை கொண்ட ஒரு சாக்கெட் உண்டு. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் காய்ந்து போனால் ஆயில் சாக்கெட்டுக்குள் கசிகிறது. அங்கிருந்து, வயரின் உள்ளே இருக்கும் மெல்லிய செப்பு இழைகளுக்கு இடையே நுண்துளை ஏற்றத்தால் மெல்ல மேலேறி, ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கும் டிசிஎம் கனெக்டர் வரை போய்விடுகிறது. சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள சாக்கெட்டை விட்டுவிட்டு டிசிஎம்மை மட்டும் மாற்றினால், புதியதும் ஆயிலில் ஊறும்.

தண்ணீரைப் பற்றிச் சென்னைவாசிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஆயிரக்கணக்கான வண்டிகள் நீரில் நின்றன. நீர் வடிந்தபின் ஓடத் தொடங்கிய வண்டிகளிலும், வாரங்கள் கழித்துக் கனெக்டர் முனைகளில் பச்சை பூத்து, காரணம் புரியாத கியர் கோளாறுகள் தலைகாட்டும். மின்னழுத்தத் தாக்குதலுக்கு நம் பட்டறைகளில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஜம்ப் ஸ்டார்ட்டில் வயரை மாற்றிக் கொடுப்பது. மற்றொன்று, பேட்டரியைக் கழற்றாமலே டிங்கரிங் வேலையில் வெல்டிங் வைப்பது.

நான்கு வண்டிகள் தரும் பாடங்கள்

இத்துறையில் ஊகத்தைவிட நடந்தவை அதிகம் கற்பிக்கும். அமெரிக்காவில் விற்ற 2001 முதல் 2003 வரையிலான டொயோட்டா ராவ்4 எஸ்யூவிகளில் கியர் விழும்போது பெரிய உதறல் ஏற்பட்டது. பலர் கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டதென்றே நம்பினர். கோளாறு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து ஆண்ட ஒரே கணினிக்குள் இருந்தது. அந்த உதறலோடு தொடர்ந்து ஓட்டிய வண்டிகளில் கியர்பாக்ஸும் உண்மையாகவே சேதமடைந்தது. கணினியை மட்டும் மாற்றினால் போதுமா, கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்ற வேண்டுமா என்பதை உரிமையாளர் எவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டு ஓட்டினார் என்பது தீர்மானித்தது. கணினிப் பழுதைத் தள்ளிப்போட்டால் அது இயந்திரப் பழுதாக வளரும் என்பது முதல் பாடம்.

2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா வண்டிகளில் கோளாறு தொடங்கியது ரேடியேட்டரில். கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருந்தது. அதில் வெடிப்பு விழுந்து கூலன்ட் ஆயிலோடு கலந்தது. ஆயில் இளஞ்சிவப்புப் பாலாக மாறியது. அந்தக் கியர்பாக்ஸின் டிசிஎம் வால்வு பாடியோடு உள்ளே இருந்ததால், கிளட்சுத் தகடுகளோடு அதுவும் பாழானது. அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து, நிறுவனம் உத்தரவாதத்தை நீட்டிக்க நேர்ந்தது. அங்கே டிசிஎம்மை மட்டும் மாற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப் நோயைத் தொடவே இல்லை.

மூன்றாவது, ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் எனப்பட்ட ஆறு கியர் உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி. அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களிலும், 2013 முதல் சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் எஸ்யூவியின் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வகையிலும் இது வந்தது. இதன் டிசிஎம் கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தப்பட்டது. இந்தப் பெட்டியில் கிளட்ச் உதறல், டிசிஎம் பழுது என்று இரண்டு தனித்தனி நோய்கள் இருந்தன. இரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றுக்கு மருந்து கொடுத்த ஒர்க்‌ஷாப்புகளுக்கு வண்டிகள் திரும்பத் திரும்ப வந்தன. அமெரிக்காவில் 2011–2015 ஃபியஸ்டாவுக்கும் 2012–2015 ஃபோகஸுக்கும் டிசிஎம் உத்தரவாதம் 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் என நீட்டிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் உரிமையாளர்களின் பவர்ஷிஃப்ட் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஃபெடரல் நீதிமன்றம் 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2017இல் புதுப்பிக்கப்பட்டு வந்த ஈகோஸ்போர்ட்டில் டார்க் கன்வெர்ட்டர் பெட்டி இடம்பிடித்தது.

நான்காவது பாடம் மென்பொருளைப் பற்றியது. 2016இல் ஃபோர்டு வட அமெரிக்காவில் எஃப்-150 பிக்கப், எக்ஸ்பெடிஷன் எஸ்யூவி உள்ளிட்ட 2 இலட்சத்துக்கு மேற்பட்ட 2011–2012 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வெளியேறும் தண்டின் வேகச் செய்தி ஒரு கணம் அறுந்தால், ஓடும் வண்டி எச்சரிக்கையின்றி முதல் கியருக்கு இறங்கக்கூடும் என்பதே காரணம். அழைத்த வண்டிகளில் செய்தது மென்பொருள் மாற்றம். ஆகவே எந்த வண்டியிலும் டிசிஎம்மை மாற்றுமுன் அந்த மாடலுக்குத் திரும்ப அழைப்போ புதிய மென்பொருளோ வந்திருக்கிறதா என்று கேட்பது முதல் வேலை. இந்தியாவிலும் 2024 தொடக்கத்தில் ஹூண்டாய் க்ரெட்டா, வெர்னாவின் 7,698 வண்டிகளும் கியா செல்டோஸின் 4,358 வண்டிகளும் எலெக்ட்ரானிக் ஆயில் பம்பின் கன்ட்ரோலரைச் சோதிக்கத் திரும்ப அழைக்கப்பட்டன. அத்தகைய வண்டியின் உரிமையாளர் தன் சேஸிஸ் எண்ணைச் சரிபார்க்காமல் தெருமுனைப் பட்டறையில் பணம் கட்டியிருந்தால் அது வீண்செலவு.

பழுதறியும் வரிசை

ஸ்கேன் செய்வதிலிருந்து தொடங்குவோம். எஞ்சின் கணினியில் பி0700 என்ற குறியீடு விழுந்திருந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: டிசிஎம் ஏதோ ஒரு பழுதைப் பதிவு செய்து, விளக்கை எரியவைக்கச் சொல்லியிருக்கிறது. அது எந்தப் பழுது என்பதை பி0700 சொல்லாது. கைப்பேசியோடு இணையும் மலிவான ஸ்கேனர்கள் பல இதோடு நின்றுவிடும். டிசிஎம்மையே திறந்து படிக்கும் ஸ்கேனர் வேண்டும். எல்லாக் கணினிகளிலும் உள்ள குறியீடுகளையும், பழுது நேர்ந்த கணத்து வேகம், வெப்பம், மின்னழுத்தம் ஆகியவற்றையும் எழுதி வைத்த பிறகே அழிக்க வேண்டும். வந்தவுடன் குறியீட்டை அழித்துவிடும் பழக்கம் தடயத்தையும் சேர்த்து அழிக்கிறது.

அடுத்து, குறியீடுகளைக் கூட்டமாகப் படிக்க வேண்டும். பி0715 உள்தண்டுச் சென்சாரையும், பி0720 வெளித்தண்டுச் சென்சாரையும், பி0705 லீவர் நிலைச் சென்சாரையும் குறிக்கும். ஒன்று மட்டும் வந்தால் அந்தச் சென்சாரையும் அதன் வயரையும் பார்க்கலாம். பல சென்சார்கள் ஒரே நேரத்தில் இறந்ததாகத் தெரிந்தால், அவை பகிர்ந்துகொள்ளும் ஐந்து வோல்ட் வழியையோ எர்த்தையோ சந்தேகிக்க வேண்டும். பி0604, பி0605, பி0606, பி0613 ஆகியவை கணினி தன் நினைவகத்தையோ செயலியையோ தானே பழுது என்று சொல்லும் குறியீடுகள். இவை டிசிஎம்மை நோக்கி வலுவாகக் கைகாட்டுகின்றன. எனினும் பேட்டரி இறங்கியிருந்தபோதும் இத்தகைய குறியீடுகள் விழுவதுண்டு. யு0101 என்பது டிசிஎம்மோடு தொடர்பு இல்லை என்று மற்றக் கணினிகள் கொடுக்கும் புகார். டிசிஎம் இறந்தாலும் இது வரும், அதற்கு மின்சாரம் போகாவிட்டாலும் வரும், நடுவில் வயர் அறுந்தாலும் வரும்.

ஆகவே அடுத்த படி மல்டிமீட்டர். வண்டி நின்ற நிலையில் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாமலும், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். இதில் தேறாத வண்டியில் மேற்கொண்டு எதையும் சோதிப்பது காலவிரயம்.

எர்த் சோதனையில்தான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. வழக்கமாக ஓம் அளவில் மீட்டரை வைத்துத் தொட்டுப் பார்த்து, பீப் ஒலி வந்ததும் எர்த் சரி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். பல இழைகள் கொண்ட வயரில் ஒன்றைத் தவிர எல்லாம் அறுந்திருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏனெனில் அது அனுப்பும் மின்னோட்டம் மிகச் சிறியது. சரியான முறை வேறு. கனெக்டரைச் செருகியபடியே வைத்து, இக்னிஷனைப் போட்டு, மீட்டரை டிசி வோல்ட்டில் வைக்க வேண்டும். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், மறுமுனையைக் கனெக்டரின் பின்புறமாக டிசிஎம் எர்த் முனையிலும் தொட வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட் காட்டினால் சேஸிஸில் எங்கோ ஒரு போல்ட்டின் அடியில் துரு இருக்கலாம். கனெக்டரைக் கழற்றிய நிலையில் சோதிப்பதென்றால், இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பை மின்சார முனைக்கும் எர்த் முனைக்கும் நடுவே இணைக்கலாம். பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் ஃபியூஸ், ரிலே, வயர், எர்த் எல்லாம் சுமை தாங்குகின்றன. மங்கலாக எரிந்தால் பழுது வயரிங்கில் இருக்கிறது, டிசிஎம்முக்கு இன்னும் போகவே தேவையில்லை. முனையின் அளவுக்குப் பொருந்தும் பின்னையே செருக வேண்டும். தடித்த ஊசியைத் திணித்து முனையை விரித்துவிட்டால் சோதனையே புதிய பழுதை உண்டாக்கும்.

பிறகு கேன் வயர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கின் கீழ் உள்ள 16 முனை சாக்கெட்டில் 6, 14 ஆகிய முனைகளுக்கு இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். இரு கோடியிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணையாகச் சேர்ந்து தரும் அளவு அது. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. சுழியத்துக்கு அருகில் வந்தால் இரு வயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கேட்வே கணினி உள்ள புதிய வண்டிகளில் அந்தச் சாக்கெட்டில் எடுக்கும் அளவு கேட்வேயோடு நின்றுவிடும் என்பதால், டிசிஎம் கனெக்டரிலேயே அளக்க வேண்டும்.

இத்தனையும் தேறினால் ஆயிலின் மட்டம், நிறம், வாடையைப் பார்த்து, சொலினாய்டுகளின் தடையை அந்த மாடலின் கையேட்டோடு ஒப்பிட்டு, ஓட்டத்தில் சென்சார் அளவுகளைக் கவனிக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் பழுதானால் வயரிங்கை அசைத்தும், வெளியே இருக்கும் பெட்டியை அளவாகச் சூடாக்கியும் பழுதை வரவழைத்துப் பார்க்கலாம். மின்சாரம், எர்த், கேன் மூன்றும் சரியாக இருந்தும் டிசிஎம் பேசவில்லை, அல்லது சொலினாய்டும் வயரும் சரியாக இருந்தும் டிசிஎம் முனையிலிருந்து கட்டளை வரவில்லை என்றால்தான் தீர்ப்பு எழுதலாம்.

மாற்றும் வேலை

பெட்டியைக் கழற்றி மாட்டுவது இந்த வேலையின் சிறு பகுதி. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் டிசிஎம்கள் எஞ்சின், டயர் அளவு, நான்கு சக்கர இயக்கம் ஆகியவற்றுக்கேற்ப வேறு மென்பொருளோடு வரும். லேபிளில் உள்ள பாக எண் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். பழைய டிசிஎம் இன்னும் பேசுமானால் அதிலுள்ள அமைப்பு விவரங்களைக் கழற்றுமுன் படித்துச் சேமிக்க வேண்டும். டொயோட்டா போன்ற சில வண்டிகளில் கியர்பாக்ஸின் மேல் ஒட்டிய லேபிளில் அந்தக் கியர்பாக்ஸுக்கே உரிய திருத்த எண் அச்சிட்டிருக்கும். அதைப் புதிய கணினியில் ஏற்றாவிட்டால் கியர் உதறலோடு விழும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்து, உடலின் நிலைமின்சாரம் பாயாதபடி எர்த் செய்துகொண்டு பெட்டியைத் தொட வேண்டும். மாட்டிய பின் மென்பொருள் ஏற்றும்போது மின்னழுத்தம் தளரக் கூடாது. பேட்டரிக்கு நிலையான சப்ளை தரும் சார்ஜரை இணைத்தே இதைச் செய்ய வேண்டும். பாதியில் மின்சாரம் சரிந்தால் புதிய டிசிஎம் இயங்காமலே போகக்கூடும். பிறகு சேஸிஸ் எண்ணைப் பதிவது, இம்மொபிலைசர் இருந்தால் இணைப்பது, வண்டியின் வகையைக் குறிப்பது என்ற படிகள் வரும்.

கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கிளட்சும் எந்த அழுத்தத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைப் பழைய டிசிஎம் ஓட்ட ஓட்டக் கற்று வைத்திருந்தது. புதியதற்கு அது தெரியாது. ஆயிலைக் குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஸ்கேனர் வழியே கற்கும் நடைமுறையைத் தொடங்கி, நிறுவனம் சொல்லும் முறையில் ஓட்டிப் பழக்க வேண்டும். இதைச் செய்யாமல் கொடுத்த வண்டி உதறுவதைப் பார்த்துவிட்டு, புதிய டிசிஎம்மும் கெட்டது என்று மீண்டும் இன்னொன்றைத் தேடுவது வழக்கமாகிவிட்டது.

புதியது, பழையது, பழுதுபார்த்தது

புதிய டிசிஎம் பாதுகாப்பானது, விலை அதிகம். உடைக்கும் யார்டுகளில் எடுத்த பழையது மலிவு. ஆனால் அது வேறொரு வண்டியின் சேஸிஸ் எண்ணோடும் திருட்டுத் தடுப்போடும் கட்டுண்டிருக்கலாம். சில மெர்சிடிஸ் மாடல்களில் கியர் கணினி திருட்டுத் தடுப்புப் பாகமாகவே கருதப்படுவதால் நேரடியாக மாட்ட முடியாது. பழைய பெட்டியின் நினைவகத்தை அப்படியே புதியதில் நகலெடுக்கும் வேலையைத் தேர்ந்தவர்கள் செய்கிறார்கள். எல்லா வண்டிக்கும் அது ஒத்துவராது. ஈயப்பற்று வெடித்த பெட்டியை நுண்ணோக்கியின் கீழ் மறுபற்று வைத்துச் சீராக்குவது, நோய் அதுதான் என்று உறுதியாகத் தெரிந்தால், நியாயமான வழி. எழுத்துப்பூர்வ உத்தரவாதம் தராதவரிடம் இதைக் கொடுக்கக் கூடாது.

எந்த வழியானாலும் மூல காரணத்தைத் தீர்க்க வேண்டும். கசிந்த சாக்கெட், வெடித்த ரேடியேட்டர், துருவேறிய எர்த், தண்ணீர் புகும் ஓட்டை ஆகியவற்றை விட்டுவைத்து மாட்டும் டிசிஎம் பழையதன் வழியே போகும். 2013இல் ஃபோக்ஸ்வேகன் தன் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச்) பெட்டிகளுக்காக உலகெங்கும் 16 இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது செய்த முக்கிய வேலை, செயற்கை ஆயிலை வடித்துக் கனிம ஆயிலை நிரப்பியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் அந்தச் செயற்கை ஆயில் மின்சுற்றைக் கெடுத்தது. நம் ஊர்த் தட்பவெப்பம் அதே வகையைச் சேர்ந்தது என்பதை இங்கு ஆட்டோமேட்டிக் வைத்திருப்போர் மறக்கக் கூடாது.

தகவல் யார் கையில்

இந்த வேலையில் பாதி மென்பொருள் என்பதால், அதைத் திறக்கும் உரிமையே பழுதுபார்க்கும் உரிமை. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததே குற்றம். 2022இல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அந்த ஆண்டு இறுதியில் இணையவாசலையும் திறந்தது. வாகனத் துறை அதில் சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியா 2022 ஜூலை 1 முதல் சட்டத்தாலேயே நிறுவனங்களைப் பழுதுபார்ப்புத் தகவலைத் தனியார் பட்டறைகளுக்கு நியாயமான விலையில் விற்கச் செய்திருக்கிறது. இந்தியாவுக்கும் அத்தகைய கட்டாயச் சட்டம் வேண்டும். மதுரையிலோ சேலத்திலோ உள்ள தேர்ந்த மெக்கானிக் எர்த்தையும் கேனையும் சரியாக அளந்து, டிசிஎம்தான் பழுது என்று கண்டுபிடித்துவிட்டு, மென்பொருள் ஏற்ற வழியில்லாமல் வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு இழுத்து அனுப்பும் நிலை நியாயமற்றது.

உரிமையாளர் செய்ய வேண்டியது

சான்றுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், டிசிஎம் பழுது உண்மையானது, ஆனால் அது தனியாக வருவது குறைவு. பெரும்பாலும் வெப்பமோ கசிவோ வயரிங்கோ அதன் பின்னால் நிற்கிறது. எனவே டிசிஎம்மை மாற்ற வேண்டும் என்று யார் சொன்னாலும் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள். டிசிஎம்மிலிருந்து படித்த குறியீடுகள் எவை? சுமையோடு அளந்த மின்சார, எர்த் அளவுகள் எவ்வளவு? கேன் வயரில் எத்தனை ஓம்? பழுதுக்கு மூல காரணம் எது? நான்கிற்கும் விடை தருபவரிடம் வண்டியைக் கொடுங்கள். தர முடியாதவரிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டு, அளந்து காட்டும் ஒருவரிடம் போங்கள். சோதனைக்குத் தனியாகக் கட்டும் கூலி, தவறாக வாங்கும் ஒரு டிசிஎம்மின் விலையில் மிகச் சிறிய பங்கு.